ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து டெக்னாலஜி தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனி நடத்துகிறேன். கல்லூரி முடித்த தம்பி, தங்கைகள் வந்து கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சில சமயம் அவர்களுடைய அப்பா, அம்மாவும் வந்து கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று நினைத்தேன்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இங்கிருந்தே டெக்னாலஜி கம்பெனி நடத்த முடியுமா அண்ணே?

முடியும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை முக்கியம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஸோஹோவை உதாரணம் சொல்வார்கள். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் திறந்து, ஊர்ப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்த கம்பெனி அது. நல்ல உதாரணம்தான். ஆனால் அந்தக் கம்பெனி 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. பல வருடம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்று, வருமானம் நிலைத்த பிறகுதான் தென்காசிக்கு வந்தது. மத்தளம்பாறையில் அதற்கு ஆட்கள் கிடைத்தார்கள். வாடிக்கையாளர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

நம் மாவட்டம் 2018-இலிருந்து வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களுக்காக மத்திய அரசு போட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நம்மோடு அதில் இருப்பது விருதுநகர் மட்டும்தான். விவசாயம் வானம் பார்த்தது, மீன்பிடி பருவம் பார்த்தது. இந்த ஊர்க் கடைகளையும் படகுகளையும் மட்டும் நம்பி ஒரு மென்பொருள் கம்பெனி சம்பளம் போடுவது மிகவும் கடினம். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: முதல் இரண்டு மூன்று வருடம் வருமானத்தில் பாதிக்கு மேல் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். இங்கே வாடகையும் செலவும் குறைவு. வெளியே சம்பாதித்து இங்கே செலவு செய்தால், அதே பணத்தில் சென்னைக்காரரைவிட அதிக மாதம் தாக்குப்பிடிக்கலாம். தொடக்கத்தில் நமக்கு இருக்கும் பெரிய பலம் அந்தக் கூடுதல் மாதங்கள்.

அடுத்தவருக்கு வேலை செய்து கொடுக்கும் சர்வீஸா, நாமே செய்து விற்கும் புராடக்ட்டா? எதில் இறங்குவது?

சர்வீஸில் பணம் சீக்கிரம் வரும், ஆனால் கை நின்றால் பணமும் நின்றுவிடும். புராடக்ட்டில் முதலில் கையிலிருந்து போகும். நிலைத்துவிட்டால் ஒரே பொருளைப் பலருக்கு விற்கலாம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி 2010-இல் சென்னையில் தொடங்கி 2021-இல் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலானது. அதற்குப் பின்னால் முதலீட்டாளர்களின் பெரும் பணம் இருந்தது. நமக்கு அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கக் கூடாது.

சர்வீஸில் தொடங்குங்கள். வேலை செய்துகொண்டே, எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். மூன்று பேர் ஏறக்குறைய ஒரே வேலையைக் கேட்டால், அங்கே ஒரு புராடக்ட் இருக்கிறது.

ராமேஸ்வரம் லாட்ஜ்களைப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் அறை கிடைக்காது. போனில் ஒருவர் புக் செய்திருப்பார், வாட்ஸப்பில் இன்னொருவர், வடநாட்டு டிராவல்ஸ் ஏஜென்ட் பஸ் நிறைய ஆட்களுக்கு மொத்தமாகக் கேட்டிருப்பார். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு விடியற்காலையில் ரிசப்ஷனில் சண்டை. பெரிய ஹோட்டல்களுக்கு எழுதிய மென்பொருள் இதற்குச் சரிப்படாது. இங்கே ஆட்கள் அதிகாலை தீர்த்தமாடிவிட்டு மதியமே கிளம்புகிறார்கள். அறையை அரை நாள் கணக்கில் கொடுக்க வேண்டும், ரசீது இந்தியிலும் வேண்டும். இதை நன்றாகச் செய்துவிட்டால் அடுத்து திருச்செந்தூர், பழனி, வேளாங்கண்ணி. அங்கெல்லாம் இதே மாதிரி கூட்டம், இதே மாதிரி லாட்ஜ், இதே சண்டை. நம் ஊரில் ஒரு தொழிலை ஆழமாகத் தெரிந்துகொண்டு, அதே தொழில் உள்ள மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோவதுதான் நான் நம்புகிற வளர்ச்சி வழி. ஒரே ஊரில் பத்து விதமான தொழிலுக்குப் பத்து மென்பொருள் எழுதினால் பத்தையும் பராமரிக்க ஆள் இருக்காது.

மீனவர்களுக்கு ஒரு ஆப் செய்யலாம் என்று இருக்கிறோம். உங்கள் கருத்து?

அதிகமாக வரும் கேள்வி இது. கல்லூரி புராஜெக்ட்டுகளில் பாதி இதுதான். ஆசை நல்ல ஆசை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், என்னென்ன ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது என்று பாருங்கள். மீன் கிடைக்க வாய்ப்புள்ள கடல் பகுதிகளை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவு வைத்து இலவசமாகச் சொல்கிறது. அலை, காற்று எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் ஆப் இந்தத் தகவல்களைத் தமிழில் தருகிறது. பாம்பனில் கடல் ஓசை 90.4 பண்பலை மீனவர்களுக்காகவே நடக்கிறது. படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் படகுகளில் பொருத்த 2024-இல் மத்திய அரசு 364 கோடி ரூபாயில் திட்டம் தொடங்கியது, 1 லட்சம் படகுகளுக்கு. இத்தனையும் இலவசமாகக் கிடைக்கும்போது, அதையே இன்னொரு திரையில் காட்ட சின்ன நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு வத்தைக்காரர் மாதம் 200 ரூபாய் தர மாட்டார். அவர் தராததில் நியாயமும் இருக்கிறது.

அடுத்த கேள்வி, பயன்படுத்துபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவராக இருக்கலாமா? கடல் தொழிலில் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு விசைப்படகு கரைக்கு வந்ததிலிருந்து என்ன நடக்கிறது என்று மண்டபத்திலோ பாம்பனிலோ போய் நின்று பாருங்கள். டீசல் கணக்கு, ஐஸ் கணக்கு, ஆட்களுக்குப் பங்கு, வியாபாரி முன்பே கொடுத்த அட்வான்ஸ் கழிவு, ரகம் பிரித்து எடை, அன்றைய விலை எல்லாம் ஒரு நோட்டிலும் சிலருடைய தலையிலும் இருக்கும். நண்டு, கணவாய், இறால் வாங்கும் ஏஜென்ட் பத்துப் பதினைந்து படகுகளின் கணக்கை இரவோடு இரவாக முடித்து, தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ வண்டி ஏற்ற வேண்டும். ஒரு தப்புக் கணக்கு அவருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம். பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர் அவர்.

அவருக்கும் மேலே ஏற்றுமதிக் கம்பெனி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடலில் பிடித்த மீன் போக வேண்டுமென்றால், எந்தப் படகு, எப்போது, எங்கே பிடித்தது என்ற பிடிப்புச் சான்று வேண்டும். இந்த விதி 2010-இலிருந்தே இருக்கிறது. 2026 ஜனவரி 10 முதல் அங்கே இறக்குமதி செய்பவர்கள் அதை கேட்ச் என்ற மின்னணு முறையில்தான் கொடுக்க வேண்டும். ஆக கரையில் தாளில் எழுதும் ஒவ்வொரு தகவலும் கடைசியில் கணினிக்குள் போயாக வேண்டும். அது யார் கையில், எந்த இடத்தில் போகப்போகிறது என்பதில்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. மீனவர் தன் பங்குக் கணக்கைத் தன் போனில் தமிழில் பார்க்கட்டும், அதற்கான பணத்தை ஏஜென்டோ கம்பெனியோ கட்டட்டும். மீனவருக்கு உண்மையிலேயே நல்லது செய்கிற ஆப் இப்படித்தான் உயிரோடு இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இலவசமாக ஆரம்பித்த ஆப்பை இரண்டு வருடத்தில் யாரும் கவனிக்காமல் விட்டால், நம்பிப் பழகியவர்கள்தான் ஏமாறுவார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் ஏஜென்ட் உங்கள் பில்லைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். அதனால் மாதா மாதம் கேட்பதைவிட, தொழில் நன்றாக ஓடும் காலத்தில் வருடக் கட்டணமாக வாங்குவது நல்லது. தடைக்காலத்தை புதிய வசதி எழுதவும், அவர்களுடைய ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெரிய ஏற்றுமதிக் கம்பெனி கிடைத்தால் போதாதா?

போதாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரை வரி போட்டபோது முதலில் அடிபட்டவர்களில் இறால் ஏற்றுமதியாளர்களும் உண்டு. அவர்கள் செலவைக் குறைக்கத் தொடங்கினால் மென்பொருள் பில்தான் முதலில் நிற்கும். எந்த ஒரு வாடிக்கையாளரும் உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டிவிட்டால் அவர் பணத்திலேயே அடுத்த வாடிக்கையாளரைத் தேடத் தொடங்குங்கள்.

கடலை விட்டால் வேறு என்ன இருக்கிறது இங்கே?

முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆன்லைனில் விற்க ஒரு வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று பலர் கிளம்பினார்கள். ஆனால் வாங்குபவர் கேட்பது வேறு: இது இந்த மாவட்டத்து மிளகாய்தானா, ஈரப்பதம் எவ்வளவு, எந்த விவசாயியின் லாட். எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்துக்கு வரும் மூட்டையிலிருந்து அந்தப் பதிவைத் தொடங்க முடிந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

சூரிய மின்சாரம் என்றதும் எல்லோரும் கமுதியை நினைப்பார்கள். 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம், சுமார் 2,500 ஏக்கர். அவ்வளவு பெரிய இடத்துக்கு அவர்களே எல்லாம் வைத்திருக்கிறார்கள். நான் பார்ப்பது வீட்டு மாடிகளை. பி.எம். சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வந்த பிறகு ஊருக்கு ஊர் பேனல் மாட்டித் தருபவர்கள் பெருகிவிட்டார்கள். மானிய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எந்த வீட்டில் உற்பத்தி குறைந்தது, எங்கே உப்புக்காற்றில் கம்பி அரித்தது என்று அவர்களால் கணக்கு வைக்க முடியவில்லை. இந்தத் தேவை கன்னியாகுமரியிலும் நாகப்பட்டினத்திலும் அப்படியே இருக்கும்.

கடற்பாசிப் பூங்கா வலமாவூரில் 127.71 கோடி ரூபாயில் வருகிறது. அது ஓடத் தொடங்கியதும் என்ன தேவை என்று பார்த்துக்கொள்ளலாம், இப்போது அவசரப்பட வேண்டாம்.

விலை எப்படி வைப்பது? குறைவாக வைத்தால் நிறையப் பேர் வருவார்கள் அல்லவா?

வருவார்கள், போயும்விடுவார்கள். ஒரு கணக்குப் போடலாம். மாதம் 800 ரூபாய் தரும் 100 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், மாதம் 80,000 வருகிறது. மாதத்துக்கு 4% பேர் விலகினால் ஒரு வருட முடிவில் மிஞ்சுவது 61 பேர். புதிதாக 39 பேரையாவது பிடித்தால்தான் நின்ற இடத்திலேயே நிற்க முடியும். அதுவே மாதத்துக்கு 1% விலகினால் 89 பேர் இருப்பார்கள். வளர்ச்சி என்று நாம் கொண்டாடுகிற பலவற்றில் உண்மை நிலவரம் இந்த ஒரு எண்ணில்தான் தெரியும். இதை மாதா மாதம் எழுதி வையுங்கள்.

விலகாமல் இருப்பவர்கள் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் நாம் நேரில் போய்ப் பழக்கிக் கொடுத்தவர்கள். நேரில் போகும் செலவைத் தாங்குகிற அளவுக்கு விலை இருக்க வேண்டும். ஆகவே விலையைக் குறைப்பதைவிட, முதல் மாதம் கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

ஏஐ வந்துவிட்டதே. இனி மென்பொருளில் வேலையும் தொழிலும் இருக்குமா? மகனை இதில் படிக்க வைத்துவிட்டுப் பயமாக இருக்கிறது.

ஓர் அம்மா கேட்டது. அம்மா, பயப்படக் காரணம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2025 ஜூலையில் பெரிய மென்பொருள் கம்பெனியான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2%, அதாவது 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே நேரத்தில் மென்பொருள் கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் கணிப்புப்படி இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் வருவாய் 2024-25 நிதியாண்டில் சுமார் 283 பில்லியன் டாலர், முந்தைய ஆண்டைவிட அதிகம். துறை வளர்கிறது, ஆனால் முன்போல ஆட்களை அள்ளி எடுக்கவில்லை. டேட்டா என்ட்ரி, சாதாரண வெப்சைட், எளிய டெஸ்டிங் போன்ற நுழைவு வேலைகள்தான் முதலில் குறைகின்றன. சிற்றூர்ப் பிள்ளைகள் உள்ளே நுழைந்த கதவும் அதுதான். அதனால்தான் எனக்கும் கவலை.

இன்னொரு பக்கம், முன்பு பத்துப் பேர் செய்த மென்பொருளை மூன்று பேர் செய்ய முடிகிறது. சின்ன கம்பெனிக்கு இது நல்ல செய்தி. நிரல் எழுதுவது மலிவாகும்போது, என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவருக்கு மதிப்பு கூடும். ஏலக்கூடத்தில் கணக்கு எப்படி நடக்கிறது, அட்வான்ஸ் எப்படிக் கழியும், பாம்பன்காரர் சொல்கிற மீன் பெயர் ஏற்றுமதித் தாளில் எந்தப் பெயரில் வர வேண்டும் என்பதெல்லாம் சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. உங்கள் மகன் நிரலோடு சேர்த்து ஏதாவது ஒரு தொழிலையும் உள்ளே போய்க் கற்றுக்கொள்ளட்டும். விடுமுறையில் ஒரு மாதம் ஏஜென்ட் ஒருவரிடமோ லாட்ஜ் ஒன்றிலோ கணக்கு எழுத அனுப்புங்கள்.

ஆட்கள் கிடைப்பார்களா? படித்ததும் எல்லோரும் சென்னைக்குப் போய்விடுகிறார்களே?

கீழக்கரையில் மொகமது சதக் பொறியியல் கல்லூரி, ராமநாதபுரத்தில் சையது அம்மாள் பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி என்று படித்து வெளிவருபவர்களுக்குக் குறைவில்லை. புத்திசாலிகள் போகத்தான் செய்வார்கள். போகட்டும், நாலு வருடம் வேலை கற்றுக்கொண்டு வரட்டும்.

நான் அதிகம் நம்புவது இங்கேயே இருக்கும் பெண்களை. திருமணமாகி ஊரிலேயே இருப்பவர்கள், சென்னை வேலையை விட்டுக் குழந்தைக்காகத் திரும்பியவர்கள். சிற்றூர்ப் பெண்களை வைத்துக் கணினி வேலை நடத்த முடியும் என்று தேசிக்ரூ போன்ற நிறுவனங்கள் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் எப்போதோ காட்டிவிட்டன. வேலை நேரத்தைப் பள்ளி நேரத்தோடு ஒட்டி வையுங்கள், கழிப்பறையும் வீட்டுக்குப் போகும் வழியும் சரியாக இருக்கட்டும். அவ்வளவு செய்தாலே நல்ல ஆட்கள் நிலைத்து இருப்பார்கள். சம்பளத்தில் மட்டும் "ஊரில்தானே இருக்கிறார்கள்" என்று குறைக்காதீர்கள். வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனிக்கு வேலை செய்யும் வாய்ப்பு அவர்களுக்கும் இருக்கிறது.

காக்கா, வாப்பா துபாயில் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கிறது. அதைப் போடலாமா, லோன் வாங்கலாமா?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டது (அங்கே காக்கா என்றால் அண்ணன், வாப்பா என்றால் அப்பா). வாப்பா அங்கே வெயிலில் நின்று சேர்த்த பணம். அதை முழுதாகப் போடாதீர்கள். அதில் ஒரு பகுதியை, போனால் குடும்பம் தாங்கும் என்ற அளவுக்கு மட்டும், எழுத்து ஒப்பந்தத்தோடு போடுங்கள். கடனா, பங்கா, பங்கென்றால் எத்தனை சதவீதம் என்று தெளிவாக இருக்கட்டும். சொந்தத்துக்குள் தாள் எதற்கு என்று கேட்பார்கள். சொந்தம் கெடாமல் இருக்கத்தான் தாள்.

அரசுத் திட்டங்களில் பி.எம்.ஈ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியத்தோடு கடன் தருகிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறது, அதில் 25% மானியம். புதிய கம்பெனிகளுக்கு உதவும் தமிழ்நாடு அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் தேர்வானால் 15 லட்சம் வரை கிடைக்கலாம், பதிலுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய மதுரை அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். ஆனால் மானியம் வரும் என்று எண்ணி வாடகைக்கு இடம் பிடிக்காதீர்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் முதல் அட்வான்ஸ்தான் எல்லாவற்றையும்விட நல்ல முதலீடு, அதற்கு வட்டியும் இல்லை, பங்கும் இல்லை.

பதிவு, ஜிஎஸ்டி எல்லாம்?

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலுக்கு வருட விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி கட்டாயம். வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால், பதிவுக்குப் பிறகு எல்.யு.டி. உறுதிமொழி கொடுத்து வரி கட்டாமலே பில் போடலாம். ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலையை முடித்துக் கொடுத்தாலும் பணம் தராமல் இழுக்கிறார்களே?

உத்யம் பதிவு இருந்தால் உங்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு இப்படித் தாமதமாகத் தரும் பணத்தை, தரும் வரை செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் விதி வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டருக்கு இது தெரியும். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை பேசாமலே தீரும்.

நெட், கரண்ட் நிலைமை?

இரண்டு வேறு கம்பெனிகளின் இணைப்பு வேண்டும், ஒன்று ஃபைபர், ஒன்று சிம். இன்வெர்ட்டர் கட்டாயம். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, நினைவிருக்கும். சர்வரை அலுவலகத்தில் வைக்காதீர்கள், தரைத்தளத்தில் எதையும் வைக்காதீர்கள்.

எப்போது மதுரையிலோ சென்னையிலோ கிளை திறப்பது?

வாடிக்கையாளர் அங்கே இருந்து, அடிக்கடி நேரில் வரச் சொன்னால் திறக்கலாம். கௌரவத்துக்காகத் திறக்க வேண்டாம். மதுரைக்கு ஒரு விற்பனை ஆளை மட்டும் அனுப்பி ஆறு மாதம் பாருங்கள். அவர் கொண்டுவரும் வருமானம் அவருடைய சம்பளத்தைப்போல மூன்று மடங்கு வந்தால் அப்புறம் இடம் தேடலாம். தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் நியோ டைடல் பூங்கா என்ற அரசின் ஐ.டி. அலுவலக வளாகம் திறந்திருக்கிறார்கள், கடல் உணவு ஏற்றுமதியாளர்களுக்கு அருகில் இருக்க நினைப்பவர்கள் அங்கேயும் விசாரியுங்கள்.

எவ்வளவு காலம் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று முடிவு செய்வது?

தேதியைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். என் அளவுகோல் 18 மாதம். அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் ஒன்றாவது முழுதாக வந்துபோகும், அமாவாசைக் கூட்டமும் மிளகாய்ப் பருவமும் வந்துபோகும், ஆக இந்த ஊரின் நல்ல மாதம், கெட்ட மாதம் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். 18 மாத முடிவில், உங்களுக்குத் தெரிந்தவரோ சொந்தக்காரரோ அல்லாத பத்துப் பேர் இரண்டாவது முறையாகப் பணம் கட்டியிருந்தால் தொடருங்கள். கட்டவில்லை என்றால் அந்தப் பொருளை நிறுத்திவிட்டு, அதைச் செய்யும்போது கற்ற தொழில் அறிவை வைத்து வேறொன்றைத் தொடங்குங்கள். நிறுத்தும் முன் இருக்கும் வாடிக்கையாளர்களின் தரவை அவர்களிடம் எக்செல் கோப்பாக ஒப்படைத்துவிடுங்கள். இந்த ஊரில் அடுத்த கம்பெனிக்கும் அவர்களிடம்தான் போய் நிற்கப் போகிறீர்கள்.